ஞாயிற்றுக்கிழமைக் காட்சி: தங்கவயல் மன்ற சினிமா ஒன்றின் வரலாற்றைப் பெங்களூரில் தொகுத்த கதை

பின்னணி

கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கியதிலிருந்து கணக்குப் பார்த்தால் 121 ஆண்டுகள். வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து போன குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறையாக அங்கே தமிழ் பேசி வாழ்ந்தவை. மூடிய பிறகு பிழைப்புக்கு மிச்சமிருந்தது பெங்களூர்தான். சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தை மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலேறி தினமும் கடந்தவர்கள் இன்றும் கடக்கிறார்கள். முடியாதவர்கள் அந்த ரயில் நிற்கும் இடங்களை ஒட்டியே வீடு பார்த்துக்கொண்டார்கள். கிருஷ்ணராஜபுரம், ஹூடி, ஒயிட்ஃபீல்டு பகுதிகளில் தங்கவயல்காரர்கள் நிறைய இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படி வந்த எட்டுப் பேர் சேர்ந்து, தங்கள் லைனில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருந்த தொழிலாளர் மன்றத்தின் சினிமாக் கூடத்தைப் பற்றி ஒரு சிறு வரலாறு எழுதலாம் என்று 2018 ஜனவரியில் முடிவெடுத்தார்கள். எந்தச் சுரங்கத்து லைன் என்பதை இங்கே சொல்லவில்லை. சொன்னால் ஆள் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். நான் அந்தக் குழுவில் எழுத்து வேலை பார்த்தவன். என் அப்பா சுரங்கத்தில் இறங்கியவர் இல்லை, மேலே ஆபீசில் இருந்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும்.

கூடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கருங்கல் சுவர், தகரக் கூரை, எதிர்ச்சுவரில் சுண்ணாம்பு அடித்து நான்கு பக்கமும் கறுப்புக் கரை கட்டிய திரை. முன்னால் தரை, நடுவில் பெஞ்சு, பின்னால் இரண்டு வரிசை நாற்காலி. மழை பெய்தால் வசனம் கேட்காது. சுரங்கத்துக்கு 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் தங்கள் தட்டி வீட்டில் விளக்கெண்ணெய்தான், மன்றத்துப் பல்புதான் முதலில் கண்ட கரண்டு விளக்கு என்று வயதானவர்கள் பலர் எங்களிடம் சொன்னார்கள்.

முதல் வரைவு

முதல் ஏழு மாதங்களில் பதினோரு பேரைப் பார்த்துப் பேசினோம். எல்லாரும் மன்றக் கமிட்டியில் இருந்தவர்கள் அல்லது அவர்கள் வீட்டார். அவர்களைத்தான் எங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டில்தான் போட்டோக்களும் இருந்தன. மாலை போட்ட புரொஜெக்டர் ஒன்றைச் சுற்றிக் கோட்டு போட்ட நாலு பேர் நிற்கும் படம் அதில் முக்கியமானது. பின்பக்கம் பென்சிலால் 1958 என்று எழுதியிருந்தது.

அதை வைத்து 2018 ஆகஸ்டில் ஒரு வரைவு தயாரானது. அதன் சாரம்: 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, அதன் பிறகு தொழிலாளர் நலத்தில் கவனம் திரும்பியது, 1958-இல் 35 மி.மீ. மெஷினோடு மன்ற சினிமா தொடங்கியது. சனிக்கிழமை மாலை ஒரு காட்சி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரன் கம்பெனி போய் நம் அரசு வந்ததும் நமக்கு சினிமா வந்தது என்பது யாருக்கும் பிடிக்கிற கதை.

கோளாறு அச்சுக்குப் போவதற்கு முன் தெரிந்தது தற்செயலாகத்தான். அல்சூரில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வரைவை ஒருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எழுபது தாண்டிய அம்மா ஒருவர் நிமிராமலே சொன்னார்: "சனிக்கெழம எங்களுக்கு இன்னா தெரியும்? நாங்க ஞாயித்துக்கெழம காலைல போறவங்க."

ஞாயிறு காலையில் காட்சி இருந்ததா என்று கமிட்டிக்காரர்களிடம் திரும்பக் கேட்டோம். இருந்தது என்றார்கள், சாதாரணமாக. ஏன் சொல்லவில்லை என்றால், "அது ரிப்பீட்டுதானேப்பா, அதுல எழுத இன்னா கீது?" என்றார் ஒருவர். மறைக்கவில்லை. எழுதத் தக்கதாகத் தோன்றவில்லை, அவ்வளவுதான். அவர்கள் எல்லாரும் ஜெனரல் ஷிப்ட்காரர்கள். சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் நேரம்.

கேள்வியை மாற்றினோம்

அதுவரை நாங்கள் கேட்டது: எந்த வருஷம்? யார் தொடங்கினார்? முதல் படம் என்ன? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லக்கூடியவர் கமிட்டிக்காரர் மட்டும்தான். சுரங்கத்தில் இறங்கியவர் வீட்டில் காலம் வருஷக் கணக்கில் ஓடவில்லை. ஷிப்ட், சங்கு, சம்பள நாள், சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் என்று ஓடியது. ஆகவே 2018 செப்டம்பரிலிருந்து கேள்விகளை மாற்றினோம். அன்றைக்கு வீட்டில் யாருக்கு எந்த ஷிப்ட்? யாரோடு போனீர்கள்? எங்கே உட்கார்ந்தீர்கள்? திரும்பி வந்ததும் முதல் வேலை என்ன?

அடுத்த ஐந்து மாதங்களில் இருபத்தாறு பேரைப் பார்த்தோம். அதில் பதினேழு பேர் பெண்கள். கிடைத்ததெல்லாம் முன்பு கிடைக்காதவை. இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் நைனா ராத்திரி கேஜ் (சுரங்க லிஃப்ட்) ஏறி மேலே வந்து, தூங்கி எழுந்து, ஞாயிறு காலை எல்லாரையும் கூட்டிப்போவார். படப்பெட்டி பெங்களூர் காந்திநகரிலிருந்து ரயிலில் சனிக்கிழமை வரும். ஞாயிறு மதிய வண்டிக்குத் திருப்பி ஏற்றிவிட வேண்டும். அதனால்தான் காலைக் காட்சி. பெட்டி தாமதமானால் சனிக்கிழமைக் காட்சி போய்விடும், ஞாயிறு மட்டும் நடக்கும். ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் வாடகை கட்டிவிட்டு ஒரே காட்சி போட்டால் மன்றத்துக்குக் கட்டுப்படியாகாது என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கல்யாண வீட்டில் பேசிய அம்மாவை ஹூடியில் அவர் மகள் வீட்டில் இரண்டு முறை பார்த்தோம். முதல் முறை அதிகம் பேசவில்லை. இரண்டாம் முறை, கேட்காமலே சொன்னார். படம் நடந்துகொண்டிருந்தபோது தரை ஆடியது. தகரம் கடகடவென்று அடித்துக்கொண்டது. ராக் பர்ஸ்ட் ஆனால் மேலே ஊர் முழுக்க அதிரும், தங்கவயலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். ஒருவரும் கத்தவில்லையாம். பெண்கள் அத்தனை பேரும் எழுந்து, செருப்புகூடத் தேடாமல், ஆட்கள் இறங்கி ஏறும் ஷாஃப்ட் பக்கம் ஓடினார்கள். யார் வீட்டு ஆள் உள்ளே இருக்கிறார் என்று அங்கே போனால்தான் தெரியும். "ஆயா மட்டும் என்ன இடுப்புல வச்சிக்கினு வாசல்ல நின்னுச்சு. திரும்பிப் பாத்தேன். படம் ஓடிக்கினே இருந்துச்சு, பாட்டு பாடிக்கினே இருந்தாங்க. பாக்க ஆளில்ல." அன்று அவர் வீட்டு ஆள் பத்திரமாக வந்துவிட்டார். இரண்டு வீடு தள்ளி வரவில்லை. எந்த வருஷம் என்று நாங்கள் கேட்கவில்லை.

இன்னொன்றும் இந்தச் சுற்றில் வந்தது. ஆப்பரேட்டர் வெட்டி எறிந்த பிலிம் துண்டுகளைப் பொறுக்கி, ஃபியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, வீட்டுச் சுவரில் படம் காட்டிய கதையை ஏழெட்டுப் பேர் சொன்னார்கள். தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கும் இந்த விளையாட்டு தெரியும். ஆனால் இவர்களில் மூத்த இருவர், அந்தத் துண்டு எவ்வளவு அகலம் என்பதற்குச் சுண்டுவிரலைக் காட்டினார்கள். இளையவர்கள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினார்கள். குறித்துக்கொண்டோம். அதன் பொருள் அப்போது விளங்கவில்லை.

கணக்குப் புத்தகம்

2019 பிப்ரவரியில் எங்கள் குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர், தங்கவயல் ராபர்ட்சன்பேட்டை வீட்டுப் பரணில் இருந்ததாக ஒரு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 140 பக்கம். கெட்டி அட்டை, சிவப்புக் கோடு. ஒரு பக்கத்துக்கு இரண்டு வாரக் கணக்கு. தேதியும் மாதமும் கிழமையும் இருந்தன. வருஷம் எங்கேயும் இல்லை. எழுதியவருக்கு அது என்ன வருஷம் என்று தெரியும், எழுதுவானேன்?

அவர் ஒரு நிபந்தனை வைத்தார். தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் படம் எடுக்க வேண்டும், புத்தகம் தன்னோடு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஒப்புக்கொண்டோம். ஞாயிறுதோறும் இருபது பக்கம் எடுப்பதென்று தீர்மானம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கத்தையும் தானே திருப்புவார். மூன்று ஞாயிறில் 62 பக்கம் முடிந்தது. பிறகு பரீட்சை, யுகாதி என்று சில வாரம் தள்ளிப்போயிற்று.

படங்களை எக்செல்லில் ஏற்றியது குழுவில் ஒருவரின் பேத்தி. ஒயிட்ஃபீல்டில் வேலை. பள்ளியில் தமிழ் படிக்கவில்லை, எழுத்துக் கூட்டி வாசிப்பாள். முதல் நாளே தகராறு. 13-4-0 என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் 13 என்று மாற்றிவிடுகிறது. தேதி ஆகாமல் தடுத்து 13.40 ரூபாய் என்று போட்டாள். கூட்டல் வரவில்லை. எந்தப் பக்கமும் அடியில் எழுதிய மொத்தத்தோடு பொருந்தவில்லை. கணக்கெழுதியவருக்குக் கூட்டல் தெரியாதா என்று ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் அவளே கேட்டாள்: "தாத்தா, இந்த நடு நம்பர் ஏன் பதினஞ்சைத் தாண்டவே மாட்டேங்குது?"

ரூபாய், அணா, பை. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஒரு அணா. இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அது தெரிய நியாயமில்லை. தெரிந்த நாங்கள் கவனிக்காததுதான் வெட்கம்.

அங்கிருந்து முடிச்சு அவிழ்ந்தது. இந்தியாவில் தசம நாணயம் 1957 ஏப்ரல் 1 அன்று வந்தது. புத்தகத்தின் 51-ஆம் பக்கத்தில், 6/4 சனி என்ற வரியிலிருந்து, அச்சடித்த அணாக் கட்டத்தின் மேலேயே ந.பை. என்று எழுதி, 25, 50, 94 என்று எண்கள் ஏறுகின்றன. ஒரு அணாத் தரை டிக்கெட் 6 நயா பைசா, இரண்டு அணா பெஞ்சு 12, நாலணா நாற்காலி 25. 1957 ஏப்ரல் 6 சனிக்கிழமைதான். காட்சி இல்லாத வாரத்தையும் படம் இல்லை என்று எழுதிவைத்திருந்ததால் பின்னோக்கி எண்ண முடிந்தது. 27-ஆம் பக்கம் 12/5 சனி. அது 1951, 1956, 1962 மூன்றிலும் பொருந்தும். பின்னோக்கி வந்த எண்ணிக்கை 1956-இல் நிறுத்தியது. முதல் பக்கம் 7/5 சனி, அதாவது 1955 மே 7. அந்தப் பக்கத்தின் முதல் வரி: முன் பாக்கி. ஆக, மன்ற சினிமா இந்தப் புத்தகத்துக்கும் முன்பே நடந்திருக்கிறது. அரசு சுரங்கத்தை எடுப்பதற்கு முன்பே.

27-ஆம் பக்கத்தை அப்படியே தருகிறேன். சனி: தரை 212 பேர், 13-4-0. பெஞ்சு 96, 12-0-0. நாற்காலி 18, 4-8-0. ஆகமொத்தம் 29-12-0. ஞாயிறு: தரை 304, 19-0-0. பெஞ்சு 110, 13-12-0. நாற்காலி 6, 1-8-0. மொத்தம் 34-4-0. பார்த்த 62 பக்கங்களில் பெரும்பாலான வாரம் இப்படித்தான். ரிப்பீட் என்று ஒதுக்கிய காட்சிதான் பெட்டி வாடகையைக் கட்டியிருக்கிறது.

வரவில் இன்னொரு தலைப்பும் இருந்தது: சந்தா. மாதம் ஒரு முறை, கேங் கேங்காக, மேஸ்திரி பெயர் போட்டு. கம்பெனி கொடுத்த பணம் என்றோ அரசு கொடுத்த பணம் என்றோ 62 பக்கத்தில் ஒரு வரி இல்லை. குழுவில் தொழிற்சங்கப் பற்று உள்ளவர்களுக்கு 1956-க்கு முந்தியது என்றதில் வருத்தம் இருந்தது. வெள்ளைக்காரன் செய்தான் என்று ஆகிவிடுமே என்ற பயம். சந்தா வரிகளைப் பார்த்ததும் அது தீர்ந்தது.

கடைசிக் கட்டத்தின் தலைப்பு அடி. வந்த அடி, போன அடி. பிரிண்டில் குறைந்தால் விநியோகஸ்தர் பணம் பிடிப்பார் என்பதால் அளந்திருக்கிறார்கள். எண்கள் 5,200, 5,600, 6,100 என்று இருந்தன. 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், 16 மி.மீ. 36 அடிதான். 6,100 அடி 35 மி.மீ. என்றால் படம் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் முடிந்துவிடும். 16 மி.மீ. என்றால் இரண்டே முக்கால் மணிக்கு மேல், அந்தக் காலத் தமிழ்ப் படத்தின் நீளம். மூத்தவர்கள் காட்டிய சுண்டுவிரலின் பொருள் இதுதான். முதலில் இருந்தது சிறிய மெஷின். மாலை போட்ட 1958 போட்டோ பெரிய மெஷின் வந்த நாள். புத்தகத்தின் பின்பகுதியில் அடிக்கணக்கு திடீரென்று 14,000, 15,000 என்று ஏறியிருந்ததை மேசையைச் சுற்றி நின்று எல்லாரும் பார்த்தோம். வரிசைப்படிதான் எடுக்க வேண்டும் என்று அந்தப் பக்கங்களைப் படம் எடுக்கவில்லை.

மெஷின் விற்ற விவகாரம்

பெரிய மெஷின் இப்போது இல்லை. 2001-இல் சுரங்கம் மூடிய சில மாதங்களில் காயலான் கடைக்குப் போய்விட்டது. அன்றைய செயலாளர் தனியாக விற்றுப் பணத்தோடு பெங்களூர் போனார் என்பது லைனில் பதினெட்டு வருஷமாக ஓடிய பேச்சு. செயலாளர் இறந்துவிட்டார். அவர் மகன் கிருஷ்ணராஜபுரத்தில் இருக்கிறார். முதல் வரைவில் இது ஒரு வாக்கியமாக இடம்பெற்றிருந்தது: மெஷின் முன்னாள் செயலாளரால் விற்கப்பட்டது. எழுதியவன் நான்தான். பெயர் இல்லை என்று எனக்குச் சமாதானம். முன்னாள் செயலாளர் என்றால் யார் என்று லைனில் தெரியாதவர் உண்டா என்று குழுவில் ஓர் அக்கா கேட்டார். வாக்கியத்தை எடுத்தோம், மகனைப் பார்த்துப் பேசிய பிறகு முடிவு செய்வது என்று வைத்தோம்.

2019 மார்ச்சில் இரண்டு பேர் போனோம். காபி கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய், பாலிதீன் உறையில் வைத்த ஒரு தாளை எடுத்துவந்தார். யாராவது வந்து கேட்பார்கள் என்று அப்பா சொல்லிவைத்ததாகச் சொன்னார். மன்றத் தீர்மானம். மெஷின் ரூ.6,500-க்கு விற்பது, கூடத்தின் மின்கட்டண பாக்கி ரூ.4,820 கட்டுவது, மிச்சம் ரூ.1,680 பொருளாளரிடம். தேதி 2001 ஆகஸ்ட். கீழே ஏழு கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து, கணக்குப் புத்தகம் கொண்டுவந்த எங்கள் மூத்த உறுப்பினருடையது. செயலாளரை அதிகம் குறை சொன்னவரும் அவர்தான்.

தாளைப் படம் எடுத்துக்கொண்டு வந்தோம். அதை என்ன செய்வது என்று எங்களில் மூன்று பேர் போனில் பேசினோம். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவதுதான் நேர்மை என்று முடிவெடுத்தோம். அவரிடம் மட்டும் முன்கூட்டியே சொன்னால் சாக்குத் தயார் செய்ய அவகாசம் கொடுத்ததாகும் என்று ஒரு வாதம் வந்தது. அந்த வாதத்தை வைத்தவனும் நான்தான். ஏப்ரல் கூட்டத்தில் எட்டுப் பேர் முன்னால் போனைக் கைமாற்றி எல்லாரும் பார்த்தார்கள். அவர் கைக்குக் கடைசியாக வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"கையெழுத்து என்னுதுதான். அன்னிக்கு எதெதுலயோ கையெழுத்து வாங்கினாங்க. படிச்சிப் பாத்துப் போடல."

சுரங்கம் மூடிய வருஷம் அது. பாக்கி, செட்டில்மென்ட், குவார்ட்டர்ஸ் என்று எல்லார் கையிலும் ஏதோ ஒரு தாள். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். ஆனால் அந்த அறையில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் எழுந்து, மேசைமேல் இருந்த கணக்குப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவரோடு இன்னொருவரும் போனார். இருவரும் அதற்குப் பிறகு கூட்டத்துக்கு வரவில்லை.

புத்தகம் போனது

அவர் வீட்டுக்கு மூன்று முறை ஆள் அனுப்பினோம். மரியாதையாகப் பேசினார், புத்தகத்தைப் பற்றிய பேச்சை மட்டும் எடுக்கவிடவில்லை. நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ரயிலும் நின்றது, போக்குவரத்தும் நின்றது. 2021 ஏப்ரலில் அவர் காலமானார். ஆறு மாதம் கழித்து அவர் மருமகளிடம் கேட்டபோது, ராபர்ட்சன்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது பழைய நோட்டுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. அது என்ன புத்தகம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

78 பக்கம் போயிற்று. 35 மி.மீ. மெஷின் வந்த வாரத்தின் கணக்கு அதில்தான் இருந்தது.

வெளியீடு

2022 டிசம்பரில் 44 பக்கப் புத்தகமாக 250 படி அச்சிட்டோம். தொடக்கம் 1958 அல்ல, 1955 மே-க்கு முன்பு என்று எழுதினோம், எப்படிக் கணித்தோம் என்பதைப் பக்க எண்ணோடு விளக்கினோம். பெரிய மெஷினைப் பற்றிய பகுதியில், அடிக்கணக்கைக் கண்ணால் பார்த்தோம், படி எங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகப் போட்டோம். முதல் அத்தியாயம் ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. ஹூடி அம்மா சொன்னதை அவர் பேச்சிலேயே வைத்தோம், ஒரு சொல் திருத்தவில்லை.

மெஷின் விற்றது நாலு வரி. தேதி, தொகை, மின்கட்டண பாக்கி, ஏழு உறுப்பினர் தீர்மானம். யார் பெயரும் இல்லை, பதவியும் இல்லை. மிச்சப் பணம் பொருளாளரிடம் கொடுக்கப்பட்டதாகத் தாளில் உள்ளது என்பதோடு நிறுத்தினோம். பொருளாளரின் குடும்பம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபோது அதற்கு மேல் எழுதுவது முறையாகப் படவில்லை.

அச்சுக்கு முன் அந்த நாலு வரியை இரண்டு குடும்பத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினோம். செயலாளரின் மகன் ஒரு சொல் மட்டும் மாற்றச் சொன்னார்: காயலான் கடை என்றிருந்ததை இரும்பு வியாபாரி என்று. மாற்றினோம். மூத்த உறுப்பினரின் மகன் நின்றபடியே படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. புத்தகம் வந்ததும் மூன்று படி வேண்டும் என்று கேட்டார்.

இன்னொரு முறை செய்தால்

கணக்குப் புத்தகம் வந்த அன்றே முழுவதையும் படம் எடுத்திருக்க வேண்டும். 140 பக்கம் ஒரு மதியத்து வேலை. உடையவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நியாயமானது, அதை மீறச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் பக்கத்தில்தான் இருந்தார். ஞாயிறுக்கு இருபது என்று வகுத்தது எங்கள் சௌகரியத்துக்கு. வரிசை தவறக்கூடாது என்ற பிடிவாதமும் என்னுடையது. முதல் பக்கம், கடைசிப் பக்கம், எண்களின் போக்கு மாறும் பக்கம் மூன்றையும் முதலில் எடுத்திருந்தால் பாதி நஷ்டம் தவிர்ந்திருக்கும்.

கையெழுத்தை அவர் வீட்டுக்குப் போய், அவரிடம் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். ஆவணத்தை எல்லாருக்கும் சமமாகக் காட்டுவது என்று நாங்கள் நினைத்தது கோர்ட்டுக்குச் சரி. எழுபத்தெட்டு வயது மனிதரை, அவர் கூடவே வளர்ந்தவர்கள் முன்னால், பேத்தி வயதுப் பெண் பார்த்துக்கொண்டிருக்க அப்படி உட்கார வைத்திருக்கக் கூடாது.

நேர்காணல்களை இரண்டு மூலையிலிருந்து ஒரே சமயத்தில் தொடங்கியிருந்தால் முதல் ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும். ஆபீஸ் வீட்டுப் பிள்ளையான எனக்குச் சனிக்கிழமை காட்சிதான் சினிமா. பின் வரிசை நாற்காலியில் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஞாயிறு காலை அந்தக் கூடத்தில் முந்நூறு பேர் தரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு அறுபத்தோரு வயதில்தான் தெரிந்தது.

2024 ஜனவரியில், புத்தகத்தைப் படித்துவிட்டு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். மன்றத்து ஆப்பரேட்டராக இருந்த மாமனாரின் தகரப் பெட்டி ஒன்று வீட்டில் இருப்பதாகச் சொன்னார். படப்பெட்டி வந்து போன ரயில் ரசீதுகள், கயிறு போட்டுக் கட்டியவை, ஒன்றிரண்டில் கரையான் அரிப்பு. பேத்தியும் நானும் மெட்ரோவில் போனோம். திண்ணையில் பாய் விரித்து, கட்டை அவிழ்த்து, அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்துத் தர, அவள் எடுத்துக்கொண்டே வந்தாள். காபி ஆறிப்போயிற்று. 93 ரசீது. 1958-இல் எடை திடீரென்று கூடுகிறது.